காசிக்குப் போகாத தங்கப் பூனை

என் மாமியார் என்னையும் வீட்டுப் பூனையையும் ஒரே வார்த்தையால்தான் கூப்பிடுவார்: "அடியே." கொல்லையிலிருந்து அந்தக் குரல் வந்தால் அடுப்படியிலிருந்து நானும், நெற்குதிர் மேலிருந்து அதுவும் ஒரே நேரத்தில் போய் நிற்போம். யாரைக் கூப்பிட்டார் என்பது அவர் கையில் இருப்பதைப் பார்த்தால்தான் தெரியும். மீன் தலை இருந்தால் அதற்கு, முறம் இருந்தால் எனக்கு. கல்யாணமாகிப் பூந்தமல்லிக்கு வந்த புதிதில் எனக்கு இதில் ரோஷம் உண்டு. அம்பத்தூரில் என் அம்மா வீட்டில் என்னை யாரும் பூனையோடு சேர்த்துக் கூப்பிட்டதில்லை. போகப் போகத்தான் தெரிந்தது, அத்தை 'அடியே' என்று கூப்பிடுவது தமக்கு வேண்டியவர்களை மட்டும். மற்றவர்களைக் கூப்பிடவே மாட்டார். நேரே போய்த் திட்டிவிட்டு வருவார்.

யுத்த காலம் அது. என் கணவருக்கு ஆவடியில் பட்டாளத்துக் கிடங்கில் குமாஸ்தா வேலை. காலையில் சைக்கிளில் போனால் சாயங்காலம் உடம்பெல்லாம் செம்மண்ணோடு வருவார். மாமாவுக்கு மல்லிகைத் தோட்டம். விடிவதற்கு முன்பே பூக்கூடையோடு பட்டணத்துக்கு வண்டியேறிப் போய்விட்டு, வெயில் ஏறின பிறகு திரும்பி, சாப்பிட்டுப் படுத்துவிடுவார். பகல் முழுவதும் வீட்டில் அத்தை, நான், பூனை. பூனைக் கணக்கில் பார்த்தால், எங்கள் மூவரில் வயதில் மூத்தது யார் என்று கேட்டால் பூனையைத்தான் சொல்ல வேண்டும். என் கணவர் அரை நிஜார் போட்டுத் திரிந்த நாளில் வைக்கோல் போரிலிருந்து எடுத்து வந்த சாம்பல் நிறக் குட்டி அது. இப்போது அவருக்கு நெற்றியில் முடி ஏறத் தொடங்கியிருந்தது.

பூனைக்கு வயதாகிறது என்பதை நான்தான் முதலில் கவனித்தேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. கண்ணுள்ள யாருக்கும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் தரையிலிருந்து குதிருக்கு ஒரே தாவு. இப்போது உரல் மேல் ஏறி, கொஞ்சம் யோசித்து, தவிட்டு மூட்டைக்குப் போய், அங்கேயும் கொஞ்சம் யோசித்து, அதற்குப் பிறகுதான் குதிர். கண்மணியில் லேசாக நீலம் படர்ந்திருந்தது. நகங்கள் பருத்து வளைந்து, சிமெண்டுத் தரையில் நடந்தால் டக் டக் என்று சத்தம் வரும். முதுகின் கடைசிப் பாகத்தை அதனால் திரும்பி நக்க முடியவில்லை. அங்கே மட்டும் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. அத்தை 'அடியே' என்றால் நான் மட்டும் போய் நிற்கத் தொடங்கியிருந்தேன். அதற்குக் காது மந்தமாகிவிட்டது.

இதற்கெல்லாம் மாமா ஒரே பதில் வைத்திருந்தார். "வயசாச்சி, உடு."

அவர் எதற்கும் இதைத்தான் சொல்வார். ஏற்றத்தின் கயிறு அறுந்தால் வயசாச்சி. வண்டிமாடு காலை நொண்டினால் வயசாச்சி. அந்த வருஷம் பொங்கலுக்கு எல்லோரும் கரும்பு தின்றுகொண்டிருந்தபோது அத்தை மட்டும், "எனுக்கு வேணா" என்று எழுந்து போனார். மாமா அப்போதும் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, "வயசாச்சி" என்றார். அத்தைக்கு அப்போது ஐம்பதுகூட ஆகியிருக்காது. ஆனால் சோற்றில் மோரை ஊற்றிக் குழையக் குழையப் பிசைந்து, ஒரு பக்கமாக ஒதுக்கி விழுங்குவார். மருமகள் வந்துவிட்ட வீட்டில் மாமியார் குறைவாகச் சாப்பிடுவது ஒரு கௌரவம் என்று நான் நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாசி பிறந்து வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கின சமயத்தில் பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டது.

முதலில் சோற்றை மட்டும் விட்டது. அப்புறம் மீனை. திருமழிசைப் பக்கத்திலிருந்து கூடைக்காரி கொண்டுவருகிற ஏரிக் கெண்டை என்றால் அது உயிரை விடும். அதையும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தது. சில நாளில் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. தடவினால் கைக்கு முதுகெலும்புதான் கிடைத்தது. அத்தை பாலில் சோற்றைக் கரைத்து வைத்தார், கருவாட்டைச் சுட்டு உதிர்த்து வைத்தார். வைத்தது வைத்தபடி எறும்பு மொய்த்தது.

"சாவப்போற பூன சோறு தொடாது," என்றார் மாமா. "வயசாச்சி, உடு."

அத்தை கொல்லைப் பக்கம் போய், சருகு பெருக்குகிறேன் என்று வெகு நேரம் பெருக்கினார். அங்கே பெருக்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வீட்டில் யாராவது ஒரு விஷயம் முடிந்துவிட்டது என்று சொன்னால் உடனே அது முடியவில்லை என்று சொல்லத் தோன்றும். அதனால்தானோ என்னவோ, நான் பூனையை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததில் ஒன்று எனக்குச் சரியாகப் படவில்லை. நான் அரிவாள்மணையை எடுத்து வைத்து மீனைச் செதில் தேய்க்க உட்கார்ந்தால், காது கேட்காத அந்தப் பூனை, வாசனை பிடித்து, நகம் டக் டக்கென்று ஒலிக்க ஓடி வந்தது. என் முழங்காலில் தலையை முட்டிற்று. வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சாக நினைக்கிற உயிர் மீனுக்கு ஓடி வருமா? ஒரு துண்டு போட்டேன். ஆசையாகக் கவ்விற்று. கவ்வின மறு நொடி, மீன்தான் தன்னைக் கடித்துவிட்ட மாதிரி அதைப் பார்த்து உஸ்ஸென்று சீறி, முன்னங்காலால் வாயை வழித்துக்கொண்டு குதிர்ச் சந்துக்குள் ஓடிவிட்டது. போன வழியில் எச்சில் கோடு போட்டிருந்தது. அதில் ஒரு கெட்ட வாடை.

அன்றைக்கே அத்தையிடம் சொன்னேன். "அத்தே, பூனைக்குப் பசி கீது. வாய்லதான் இன்னாவோ நோவு. புடிச்சித் தொறந்து பாக்கலாம்."

அத்தை கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார். "தொடாத."

"பாக்கறதுதானே?"

"பாக்கசொல்ல அது பொட்டுனு பூட்டா? உங்கையில பூட்டா? தங்கத்துல பூன செஞ்சி காசில போடணும், தெரியுமா உனக்கு?"

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பூனை நம் கையால் செத்துப்போனால் அந்தப் பாவம் தொலைய, தங்கத்தில் ஒரு பூனை செய்து காசிக்குப் போய்த் தானம் கொடுக்க வேண்டும். காசி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தங்கத்தில் செய்த பூனையை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பூனையை விரட்டக் கம்பை எடுக்கிறவன்கூட அதை நினைத்துக்கொண்டு பக்கத்துத் தரையில்தான் அடிப்பான். என் அம்மா வீட்டில் இதை நாங்கள் விளையாட்டாகச் சொல்லிக்கொள்வோம். அத்தைக்கு இது விளையாட்டில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவர் சிறு பெண்ணாக இருந்தபோது, காட்டுப்பாக்கத்தில் அவருடைய அம்மா ஒரு காற்று நாளில் கதவைச் சாத்தியிருக்கிறார். நடுவில் பூனை இருந்ததைப் பார்க்கவில்லை. தங்கத்துக்கு எங்கே போவது? மண்ணில் ஒரு பூனை செய்து, மஞ்சள் பூசிக் கிணற்றில் போட்டார்களாம். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்குப் பிறந்த குழந்தை ஒன்றும் தங்கவில்லை. "எங்கம்மா சாவற வரிக்கும் கதவ சாத்தசொல்ல குனிஞ்சி பாத்துக்கினே இருக்கும்," என்றார் அத்தை.

எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ அது பட்டினி கெடந்து சாவலாமா? அதுக்குப் பாவம் இல்லியா?"

"நாமளா பட்டினி போட்டோம்? சோறு வெக்கிறோம். அது துன்னல. தானா போனா நம்ம மேல ஒண்ணும் இல்ல."

அந்த வீட்டில் பூனை மேல் உயிரையே வைத்திருந்தவர் அத்தைதான். அந்தப் பூனையைத் தொடவே பயந்தவரும் அவர்தான். பிரியம் அதிகமாக அதிகமாகப் பயம் அதிகமாயிற்று, பயத்தில் பூனை பாட்டுக்கு இளைத்துக்கொண்டே போயிற்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அத்தை மேல் காட்ட முடியாமல் பாத்திரத்தின் மேல் காட்டினேன். அன்றைக்குத் தேய்த்த பாத்திரம் அத்தனையும் பளபளத்தன.

என் கணவரிடம் சொன்னேன். கிடங்குக்கு வந்துபோகிற குதிரை வைத்தியர் ஒருவரிடம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பூனைக்கு வயசு என்ன என்று கேட்டாராம். இவர் சொன்னதும், "அப்படின்னா வயசாயிடுச்சு, விட்டுடுங்க," என்று அனுப்பிவிட்டார். குதிரைக்குப் படித்தவர் சொல்வதும் பூக்கூடை தூக்குகிறவர் சொல்வதும் ஒரே வார்த்தையாக இருந்தது. அந்த வார்த்தை மேலேயே எனக்கு வெறுப்பு வந்துவிட்டது. வயசாச்சு என்று ஒரு மூட்டை கட்டி, கண்ணில் படர்ந்த நீலத்தையும் அதற்குள் போட்டார்கள், காதையும் போட்டார்கள், நகத்தையும் போட்டார்கள், வாயில் இருந்த வலியையும் சேர்த்துப் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். அவிழ்த்துப் பார்க்க ஒருவரும் தயாராயில்லை.

எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாயம்மா வீடு. அவர் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் கறிக்கடை. மண்ணீரல், சவ்வு என்று மிஞ்சினதைப் பாயம்மா முருங்கை மரத்தடியில் வைப்பார், எங்கள் பூனை சுவரேறிப் போய்த் தின்றுவிட்டு வரும். சுவரேற முடியாமல் போனதிலிருந்து அவரே இலையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். கொஞ்ச நாளாக அதுவும் தின்னாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு, சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் கேட்டார்.

"இன்னா தங்கச்சி, உங்க ஊட்டுப் பூன ஈரல்கூட வேணான்னுது?"

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வாயைத் திறந்து பார்க்க வேண்டும், பார்க்கக் கூடாது, காசி, தங்கம், அத்தையின் அம்மா சாத்தின கதவு. கடைசியில் எனக்கே கூச்சமாக இருந்த ஒரு யோசனையையும் சொன்னேன். "பாயம்மா, நீங்க புடிச்சிப் பாத்தா? உங்களுக்குத்தான் காசி கெடயாதே."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நல்லா கீதே உன் நாயம்! எங்களுக்குக் காசி இல்லன்னா கணக்கே இல்லன்னு நெனச்சிக்கினியா? எங்க பெரியவங்க சொல்லுவாங்க, ஒரு பொம்பள பூனய அடச்சி வெச்சி சோறு இல்லாம சாவ உட்டாளாம், அதுக்கே அவ நரகத்துக்குப் போனாளாம். உங்களுக்குக் கொன்னாத்தான் பாவம். எங்களுக்குப் பட்டினி போட்டாலே பாவம்."

பேசிக்கொண்டிருந்த இடத்துக்கு அத்தை எப்போது வந்தார் என்று தெரியவில்லை. உலர்த்தின சேலையை மடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றார். பாயம்மாவை ஒரு தரம் பார்த்தார். குதிர்ச் சந்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு சேலையை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மடியில் துணியைக் கட்டிக்கொண்டு அத்தை வாசலில் நின்றார். "நான் பூ பறிக்கப் போறேன்," என்றார். காலைப் பூவெல்லாம் பறித்து மாமா பட்டணம் போயாகிவிட்டது. இனிமேல் பறிக்க என்ன பூ இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். "நான் ஊட்ல இல்ல. நான் எதயும் பாக்கல. தெரிஞ்சிதா?"

தெரிந்தது. அவர் தெருக்கோடி திரும்பின கையோடு சுவரண்டை போய்ப் பாயம்மாவைக் கூப்பிட்டேன்.

பாயம்மா ஒரு பழைய கைலியோடு வந்தார். பூனையைச் சந்திலிருந்து இழுத்து, குழந்தையைச் சுற்றுகிற மாதிரி கழுத்து வரை கைலியில் சுற்றி மடியில் இடுக்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் பூனை வைத்தியம் ஒரு மண்ணும் தெரியாது. இளைத்துப்போன அந்த உடம்புக்குள் எங்கேயிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, கைலி கிழிகிற மாதிரி திமிறிற்று. நான் வெளிச்சத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, தாடையின் இரண்டு மூலையிலும் அழுத்தினேன். வாய் திறந்தது.

உள்ளே ஈறு நெடுகச் சிவந்து போயிருந்தது. பற்களில் மஞ்சளாகக் காரை. வலது பக்கம் மேலே, கடைவாய்ப் பல் ஒன்று பழுப்பேறி, வேர் தெரியக் கோணிக்கொண்டு தொங்கிற்று. அதைச் சுற்றிச் சீழ். ஒவ்வொரு தரமும் அது எதைக் கடித்தாலும் அந்தப் பல்தான் முதலில் போய் ஈறில் குத்தியிருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இத்தனை ஆசையோடு ஓடி வந்து, இதைத்தானே அது கடித்துக்கொண்டிருந்தது.

"அளுவறத அப்பால வெச்சிக்கோ," என்றார் பாயம்மா. "என் புடி உட்டுடப் போவுது."

ஆள்காட்டி விரலில் துணியைச் சுற்றி அந்தப் பல்லைத் தொட்டேன். பிடுங்க வேண்டியதாகவே இல்லை. அசைத்ததும் கழன்று கையோடு வந்துவிட்டது. அதோடு கொஞ்சம் ரத்தமும் சீழும். உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கப் போனேன். அதற்குள் ஒரு முன்னங்கால் கைலியை விட்டு வெளியே வந்து, என் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கோடு இழுத்தது. பாயம்மா கையை விட்டார். பூனை தவிட்டு மூட்டையை இடித்து, கொல்லைக் கதவைத் தாண்டி, எங்கே போயிற்றென்று தெரியாமல் போய்விட்டது. அந்தக் கோடு இன்னும் என் கையில் வெள்ளையாக இருக்கிறது.

அத்தை வந்தார். மடி காலி. பூவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என் கையைப் பார்த்தார். குதிர்ச் சந்தைப் பார்த்தார். குனிந்து கட்டிலடியிலும் பார்த்தார்.

"எங்க?" என்றார்.

"ஓடிப்போச்சி, அத்தே. பல்லுதான். சீப்புடிச்ச பல்லு. இதோ கீது பாருங்க."

பல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அன்று பூனை வரவில்லை. சாயங்காலம் என் கணவர் வந்து கிணற்றடி, வைக்கோல் போர், பாயம்மா வீட்டு விறகு அடுக்கு எல்லாம் தேடிப் பார்த்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் அத்தை காதிலிருந்த கம்மலைத் திருகிக் கழற்றினார். இரண்டையும் மஞ்சள் துணியில் முடிந்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்து, "சின்னதா செய்யறதுக்கு இது போதும்," என்றார். குரலில் என் மேல் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் காதில் கம்மல் இருந்த இடத்து ஓட்டை மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். நாங்கள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். சரியாகச் செய்துவிட்டு இப்படி நடுங்கினது எனக்கு அதுதான் முதல் தடவை.

மறுநாளும் வரவில்லை. அத்தை காலை மோரைக்கூட வேண்டாமென்றுவிட்டார். கூடைக்காரி வந்தபோது, அவர் ஒன்றும் வேண்டாமென்று சொல்வதற்கு முன் நான் ஒரு கூறு கெண்டை வாங்கிவிட்டேன். வீம்புதான். கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து, தேவைக்கு மேலேயே சத்தம் போட்டுத் தேய்த்தேன். காது கேட்காத பூனைக்குச் சத்தம் எதற்கு என்று தோன்றினாலும் நிறுத்தவில்லை.

டக், டக், டக்.

பாயம்மா வீட்டுப் பக்கமிருந்து, சுவரின் இடிந்த மூலை வழியாக வந்தது. உடம்பெல்லாம் சாம்பல். விறகு அடுக்குக்குப் பின்னால் எங்கேயோ புகுந்து கிடந்திருக்க வேண்டும். நான் அசையவில்லை. ஒரு சின்னத் துண்டை முள் எடுத்து, நசுக்கித் தரையில் வைத்தேன். முகர்ந்தது. இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கவ்விற்று. சீறப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சீறவில்லை. மென்றது. விழுங்கிற்று. அண்ணாந்து, இன்னும் எங்கே என்று கத்திற்று. காது கேட்காததால் தன் குரல் எவ்வளவு பெரிது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கத்தலுக்கு உள்ளேயிருந்த அத்தை ஓடி வந்தார்.

அந்தக் கூறில் பாதியை அது தின்றது. அத்தை பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக முள் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே அதை வாய் ஓயாமல் திட்டினார். "எங்கடி போன, கெயட்டு முண்டம்! மன்சங்க உசுர வாங்கறதுக்குன்னே பொறந்தியா?" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மீன் கையால் துடைத்துக்கொள்ள முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டார். மாமா சாப்பாட்டுக்கு வந்து நின்று பார்த்தார். அவர் சொல்லக்கூடிய ஒரே வார்த்தைக்கு அங்கே இடமில்லாததால், ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு பூனைக்கு உடம்பு தேறிவிட்டது. இளமை திரும்பிவிடவில்லை, அதை நான் பொய் சொல்லக் கூடாது. கண்ணில் நீலம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணோடுதான் அது பட்டப்பகலில் பல்லியைப் பிடித்தது. அது குருடுமில்லை, நோயுமில்லை. தலை நரைப்பது மாதிரி கண் நீலமாயிற்று, அவ்வளவுதான். காது திரும்பவில்லை. அதனால் கூப்பிடுவதை விட்டுவிட்டு, பக்கத்தில் போய்த் தரையைக் காலால் தட்ட ஆரம்பித்தோம். தரை அதிர்ந்தால் உடனே திரும்பிப் பார்க்கும். தவிட்டு மூட்டைக்கும் குதிருக்கும் நடுவில் ஒரு பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டோம். ஏறுவதற்கு இன்னொரு படி கிடைத்தது. நகத்தைப் பாயம்மா பிடித்துக்கொள்ள, நான் வெற்றிலைப் பாக்குவெட்டியால் நுனி மட்டும் நறுக்கிவிட்டேன். முதுகுச் சிக்கை அத்தை தாம் ஈர் வாருகிற ஈருளியால் எடுத்தார். எது வயது, எது வலி என்று பிரித்துப் பார்க்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. வயது மெல்ல வரும். வலி திடீரென்று வந்து சோற்றைத் தட்டிப் பறிக்கும்.

அப்புறமும் சில மழைக்காலம் பார்த்தது அந்தப் பூனை. ஆவடிக் கிடங்கில் பட்டாளத்து லாரிகள் குறைந்து, யுத்தம் முடிந்த பிறகு, ஒரு தை மாதத்து வெயிலில் நெல் உமிக் குவியல் மேல் படுத்தபடியே போய்விட்டது. முந்தின நாள் மீன் தின்றிருந்தது. அத்தை அதைத் தொட்டுத் தூக்கி, தாமே முருங்கை மரத்தடியில் புதைத்தார். காசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

பூனை திரும்பி வந்து ஒரு வாரம் போயிருக்கும். மத்தியானம். மாமா படுத்திருந்தார். கொல்லையிலிருந்து "அடியே" என்று குரல். போனேன். அத்தை கிணற்றடிக் கல்லில், வெயில் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பூனை அவருடைய காலடியில் படுத்திருந்தது. காதில் கம்மல் திரும்பியிருந்தது. கையைப் பார்த்தேன். மீன் தலையும் இல்லை, முறமும் இல்லை.

"யார கூப்ட்டீங்க, அத்தே?"

"உன்னத்தான். இங்க வா." பக்கத்தில் குனிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொங்கலுக்கு முன்னாடியே புட்ச்சி, இந்தப் பக்கம் கடவாப்பல்லு நோவுது. ராத்திரில காதுவரிக்கும் இயுக்குது. மாமாகிட்ட சொன்னா வயசாச்சிம்பாரு. நானும் அப்டித்தான் இருக்கும்னு உட்டுட்டேன்."

கரும்பு வேண்டாமென்று எழுந்து போனவர், மோர்ச்சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினவர், இத்தனை நாள் என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூனையை அவ்வளவு உற்றுப் பார்த்த கண் இது. "நான் எப்டி அத்தே?" என்று இழுத்தேன். "எனக்கு இன்னா தெரியும்? பயமா கீது."

"இன்னா பயம்? பூன செத்தாதான் தங்கத்துல செய்யணும். மாமியா செத்தா ஒண்ணியும் செய்ய வேணாம். தைரியமா பாரு."

சொல்லிவிட்டு வாயை ஆவென்று திறந்தார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும் ஒன்றாக வந்தன. அவருடைய தாடையைப் பிடித்து மெதுவாக வெளிச்சத்துப் பக்கம் திருப்பினேன்.

அந்தப் பல்லை நான் பிடுங்கவில்லை. அவ்வளவு துணிச்சல் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் கணவரும் நானும் அவரைப் பட்டணத்துக்கு அழைத்துப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டு வந்தோம். அடுத்த பொங்கலுக்கு அத்தை அடிக்கரும்பாகப் பார்த்து எடுத்து, பல்லாலேயே உரித்துத் தின்றார். மாமா சக்கையைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தார்.

"வயசாச்சி, பாத்து துன்னு," என்றார்.

நானும் அத்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், குதிர் மேல் படுத்திருந்த பூனை மட்டும் ஒன்றும் கேட்காமல் தூங்கிக்கொண்டிருந்தது.